மூணாவது தப்பு

திரையில் அந்தக் கோடு சரசரவென்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கூட்டத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டாத ஒரே ஆள், அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்த அக்கா. அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா என்பது அவளுடைய தங்கச்சி கூப்பிடுகிற பேர். அது எப்படியோ ஆபீசுக்கும் தொற்றிக்கொண்டு, வாசல் காவலாளியிலிருந்து அவளைவிட வயசில் பெரிய கணக்காளர் வரைக்கும் எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். செவிலியர் கவுன்சிலில் அவள் ஆராய்ச்சி அதிகாரி. நாட்டில் யார் நர்சாக வேலை பார்க்கலாம் என்று லைசென்ஸ் கொடுக்கிற இடம் அது. கொடுத்த லைசென்சைப் பிடுங்குகிற இடமும் அதுதான்.

போன வருஷம் கவுன்சில் தலைவரம்மா ஒரு அறிவிப்பு விட்டார். இனிமேல் எந்த விதி போட்டாலும் ஆராய்ச்சி ஆதாரத்தை வைத்துத்தான் போடுவோம், மனசுக்குத் தோன்றியபடி போட மாட்டோம் என்றார். அதைக் கேட்டு அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பல வருஷம் வார்டில் நின்று கால் வீங்கி, பிறகு மேலே படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள் அவள். ஆதாரம் என்ற வார்த்தையை ஒரு பெரிய மனுஷி வாயிலிருந்து அவள் கேட்டதே அன்றைக்குத்தான். பாவம், அதை நம்பவும் செய்தாள்.

நர்சுகள் செய்கிற தப்பை எப்படிக் குறைப்பது என்று பார்க்கச் சொன்னார்கள். அக்கா தொண்டைத் தண்ணி வற்ற நர்சுகளிடம் பேசினாள், கண் பூத்துப்போகிற வரைக்கும் ஆய்வுகளைப் படித்தாள், தலையணை மாதிரி ஒரு அறிக்கை எழுதினாள். அதன் சாரம் ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடியது. தப்பைச் சொன்னால் தண்டனை என்று வைத்தால் தப்பு குறையாது, சொல்வதுதான் குறையும். நிறையத் தப்பைச் சொல்கிற வார்டு மோசமான வார்டு இல்லை. பெரும்பாலும் பயமில்லாத வார்டு. சொன்னால்தானே அடுத்த ஆள் அதே பள்ளத்தில் விழாமல் தப்பிக்கலாம்.

அவ்வளவு எழுதினாளே, அதில் தலைவரம்மா கண்ணில் பட்டது ஒரே ஒரு அட்டவணை. எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனை தப்பு ரிப்போர்ட் வந்தது என்கிற அட்டவணை. மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு நேராக அங்கே போய், இருப்பதிலேயே பெரிய எண்ணில் விரலை வைத்து, இங்கேதான் தப்பு ஜாஸ்தி என்றார். அதற்கு மேலேயே தடித்த எழுத்தில், இதை அப்படிப் படிக்கக்கூடாது என்று அக்கா எழுதியிருந்தாள். எழுதி என்ன புண்ணியம்?

அந்த விரலிலிருந்து பிறந்ததுதான் மூணு தப்பு விதி. ஒரு வருஷத்தில் ஒரு நர்சின் பேர் மூன்று தப்பு ரிப்போர்ட்டில் வந்தால் லைசென்ஸ் ரத்து. செய்த தப்பை மறைத்தது தெரிந்தாலும் ரத்து. அக்கா கரடியாய்க் கத்தியதில், சரி, முதலில் சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் நடத்திப் பார்ப்போம் என்று பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்கள். நடத்தியும் பார்த்தார்கள். அங்கேயிருந்து வந்த தப்பு ரிப்போர்ட்டின் எண்ணிக்கைதான் திரையில் படுத்துக் கிடந்த அந்தக் கோடு.

தலைவரம்மா கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வார்டிலேயே வயசைத் தொலைத்தவர், நோயாளிக்கு ஒன்று என்றால் துடித்துப்போகிறவர். கெட்டவராக இருந்திருந்தால் அக்கா என்றைக்கோ ராஜினாமா எழுதி முகத்தில் எறிந்திருப்பாள். நல்லவரிடம் மாட்டிக்கொண்டால்தான் விமோசனமே இல்லை.

"பாத்தீங்களா, ஆராய்ச்சி அதிகாரி?" என்றார் தலைவரம்மா, முகமெல்லாம் மலர்ந்து. "நீங்க கேட்ட ஆதாரம்."

அக்கா எழுந்து நின்றாள். இறங்கியிருப்பது தப்பு இல்லை, தப்பைச் சொல்வதுதான் என்றாள். பழைய பாட்டுதான் என்று கவுன்சிலின் சட்ட ஆலோசகர் பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டார். ஆனால் அக்கா இந்தத் தடவை வெறுங்கையோடு வரவில்லை. இன்னொரு படத்தைப் போட்டாள். அதில் இருந்த கோடு ஏறிக்கொண்டிருந்தது.

அது என்ன கோடு என்று பொறுமையாக விளக்கினாள். இன்சுலினை மாற்றிப் போட்டுவிட்டால், இல்லை அளவு கூடிப்போய்விட்டால், நோயாளிக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். உயிரைக் காப்பாற்ற நரம்பில் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும். ரிப்போர்ட் எழுதாமல் இருந்துவிடலாம். குளுக்கோஸ் போடாமல் இருக்க முடியுமா? அதனால் அந்த ஆஸ்பத்திரிகளின் மருந்துக் கிடங்குகளில் குளுக்கோஸ் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். இன்சுலின் தப்பு என்று ஒரு ரிப்போர்ட்கூட வரவில்லை. அவசரக் குளுக்கோஸ் மட்டும் இந்த இரண்டு மாசமாக ஏறிக்கொண்டே போகிறது.

சர்க்கரை இறங்க ஆயிரம் காரணம் இருக்கும் என்றார் சட்ட ஆலோசகர். நோயாளி சாப்பிடாமல் இருந்திருக்கலாமே என்றார் இன்னொருவர். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே சமயத்தில் நோயாளிகள் பட்டினி கிடக்க ஆரம்பித்தார்களா என்று அக்கா கேட்டாள். கேட்ட தொனி சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க சொல்றது எல்லாம் ஊகம். மறைச்ச தப்பு ஒண்ணு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. இந்த விதியை நானே கிழிச்சுப் போடறேன்."

மறைத்த தப்பை எப்படியம்மா காட்டுவது? காட்ட முடிந்தால் அது மறைத்ததாகுமா? எவளாவது வந்து, நான் மறைத்தேன், என் லைசென்சைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று நிற்பாளா? இதையெல்லாம் அக்கா மனசுக்குள்தான் கேட்டாள். வெளியே கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அடுத்த கூட்டத்தில் இந்த விதியை நாடு முழுக்கக் கொண்டுவருவது என்று முடிவாகிக் கூட்டம் கலைந்தது. பிஸ்கட் தட்டு காலியாகியிருந்தது. அதில் மட்டும் எல்லாருக்கும் ஒற்றுமை.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. செருப்பை ஒரு மூலையிலும் பையை ஒரு மூலையிலும் எறிந்தாள். அவள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, இன்றைக்கு உலகத்தில் யார் மேல் கோபம் என்று கேட்டார். எல்லார் மேலும் என்றாள். நானும் அதில் உண்டா என்றார். இப்போது சேர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஏறினாள்.

மாடியில் தங்கச்சி இருந்தாள். அதே கட்டடத்தில் மேல் வீடு அவளுடையது. அவளும் நர்ஸ்தான், வார்டின் பொறுப்பு சிஸ்டர். அந்த அட்டவணையில் தலைவரம்மா விரல் வைத்தாரே பெரிய எண், அது இவளுடைய ஆஸ்பத்திரி; விதியை நடத்திப் பார்க்கிற ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. அதில் பாதி இவள் வார்டு. இவள் வார்டில் மாத்திரை தரையில் விழுந்தால்கூட ரிப்போர்ட் எழுத வேண்டும். டியூட்டி மாறும்போது அன்றைக்கு நடந்த தப்பை எல்லார் முன்னாலும் பேசியாக வேண்டும், முதலில் தன் தப்பை. எழுதியவளுக்குத் திட்டு கிடையாது, எழுதாதவளுக்குத்தான் உண்டு. விதி வந்த பிறகு மற்றவர்கள் எல்லாரும், விதி இன்னும் எட்டாத ஆஸ்பத்திரிகளில்கூட, வாயை மூடிக்கொண்டார்கள். இவள் மட்டும் தன் மேலேயே இரண்டு ரிப்போர்ட் எழுதினாள். ஒன்று, பக்கத்துப் படுக்கைக்காரரின் மாத்திரையை ஒருவரிடம் நீட்டியது. இன்னொன்று, டிரிப் வேகமாக ஓடியதைக் கவனிக்காமல் விட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் கணக்கில் இரண்டு. அக்காவுக்கு அதைக் கேட்டுப் பயம்தான், ஆனாலும் எழுதாதே என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

தங்கச்சி ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். வழக்கமாக மாடியில் அக்காவைப் பார்த்ததும், வாங்க சட்டம் இயற்றுகிறவங்களே என்று கிண்டல் ஆரம்பித்துவிடும். இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." மடித்த விரிப்பை மறுபடியும் பிரித்தாள். "எழுதல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவள் வார்டில் ஒரு தாத்தாவுக்குத் தினமும் போடுவது மெதுவாக வேலை செய்கிற இன்சுலின். அவள் எடுத்துப் போட்டது வேகமாக வேலை செய்கிற வகை, அதே அளவு. மனுஷனுக்குச் சட்டை நனைகிற மாதிரி வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிவிட்டது. அவள் ஓடிப்போய்ச் சர்க்கரையைப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றி, அவர் தன் பேரையும் பேரப்பிள்ளைகள் பேரையும் தெளிவாகச் சொல்கிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். டியூட்டி டாக்டர் வந்து, பெரியவர் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்றார். இவள் தலையாட்டிவிட்டாள். அந்தத் தாத்தா வீட்டுக்குப் போகும்போது, நீதாம்மா என்னைக் காப்பாத்தினே என்று கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

அக்கா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையில் தலைவரம்மா கேட்டது இதுதான். மறைத்த தப்பு, ஒண்ணே ஒண்ணு. நாடெல்லாம் தேடினாலும் கிடைக்காதது இப்போது கையில் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் விதி கிழிகிறதோ இல்லையோ, தங்கச்சியின் லைசென்ஸ் கிழிந்துவிடும். மறைத்ததற்கு ஒரு தடவை, மூன்றாவது என்பதற்கு ஒரு தடவை.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எழுதிடப் போறேன். என்னால முடியல."

"எழுதாத," என்றாள் அக்கா.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது. தங்கச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். அந்தாள் நல்லா வீடு போய்ச் சேந்துட்டாரு. நீ வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. லைசென்ஸ் போனா என்னடி பண்ணுவ? உனக்கு வேற என்ன தெரியும்?"

வேறு எதுவும் தெரியாதுதான். தெரிந்துகொள்ளவும் அவளுக்கு ஆசை இருந்ததில்லை. சின்ன வயசில் அக்கா விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால், அழுதுகொண்டே துணி கட்டிவிடுகிறவள் இவள். அந்தச் சீருடையைக் கழற்றிவிட்டால் இவள் யார் என்று அக்காவுக்கே சொல்லத் தெரியாது.

"அது இல்லக்கா விஷயம்," என்றாள் தங்கச்சி. "பெட்டி."

மருந்துக் கம்பெனி இன்சுலின் பெட்டியை மாற்றிவிட்டதாம். முன்னே ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. இப்போது இரண்டும் ஒரே வெள்ளைப் பெட்டி, ஒரே நீலப் பட்டை. பொடி எழுத்தில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். இரண்டு மாசமாக வருவதெல்லாம் இந்தப் பெட்டிதான். அவள் வார்டில் இரண்டையும் வெவ்வேறு தட்டில் பிரித்து வைத்துவிட்டாள். ஏன் பிரித்தாய் என்று கேட்டவர்களிடம், சும்மாதான் என்று சொல்லியிருக்கிறாள்.

"என் வார்டுல பிரிச்சுட்டேன். பக்கத்து வார்டுல? மத்த ஆஸ்பத்திரில? நான் எழுதியிருந்தா அன்னிக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

இரண்டு மாசம். அக்காவுக்கு அந்த ஏறுகிற கோடு கண் முன்னால் வந்து நின்றது. ஆக, காரணம் இதுதான். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு கை தவறான பெட்டியை எடுக்கிறது, பதறிப்போய் குளுக்கோஸ் போடுகிறது, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. ஒருத்திக்கு நடந்தது இன்னொருத்திக்குத் தெரியாது. எல்லாரும் தன் ஒருத்திக்குத்தான் கண் அவிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரைக்கும் யாரும் சாகாமல் இருப்பது அதிர்ஷ்டம்.

ஒரு வருஷமாகத் தான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் தன் வீட்டு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருக்கிறது. சொல்லாதே என்று சொன்னது தலைவரம்மா இல்லை, சட்ட ஆலோசகர் இல்லை. ஆராய்ச்சி அதிகாரி. அக்காவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாளை ஒரு நாள் எனக்குக் கொடு, அதுவரை எழுதாதே என்று தங்கச்சியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு இறங்கினாள். எடுக்க வந்த துணி கொடியிலேயே கிடந்தது.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் தலைவரம்மாவின் அறைக்குப் போனாள். சட்ட ஆலோசகரும் அங்கேதான் இருந்தார், பிளாஸ்க் சகிதம்.

"மறைச்ச தப்பு ஒண்ணு கேட்டீங்க மேடம். கொண்டு வந்திருக்கேன்."

"யாரு?" என்றார் தலைவரம்மா.

"தப்பு செஞ்சவங்க பேரைச் சொல்ல மாட்டேன். மறைக்கச் சொன்னவங்க பேரைச் சொல்றேன். நான்தான்."

சட்ட ஆலோசகருக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. இது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா, விதியின் எந்தப் பிரிவில் வருகிறது தெரியுமா என்று அடுக்க ஆரம்பித்தார். தெரியும், அதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றாள் அக்கா. இந்த நாட்டில் இதைப் பற்றி என்னை விட அதிகம் படித்தவள் இல்லை, எனக்கே நேற்று எழுதாதே என்றுதான் வாயில் வந்தது, படிக்காதவள் என்ன செய்வாள் என்று கேட்டாள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், முதலில் இந்தப் பெட்டியைக் கவனியுங்கள் என்றாள்.

தலைவரம்மா பெட்டி என்றதும் நிமிர்ந்தார். என்ன மருந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். காவலாளியை அனுப்பிக் கீழே மருந்துக் கடையிலிருந்து இரண்டையும் வாங்கிவரச் சொன்னார். இரண்டும் மேசைக்கு வந்தன. கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்ன குழப்பம்? இதுதான் மெதுவா வேலை செய்யறது," என்று ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

அது வேகமாக வேலை செய்கிற வகை. அக்கா பொடி எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். தலைவரம்மா அதைப் படித்துவிட்டு, பெட்டியைச் சூடு பட்ட மாதிரி கீழே வைத்தார்.

எல்லா ஆஸ்பத்திரிக்கும் உடனே எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்றார். அதில் இரண்டு பேச்சு இல்லை. இந்தப் பெட்டிகளைப் பிரித்து வையுங்கள், யாருக்காவது இது மாறிப்போயிருந்தால் உடனே கவுன்சிலுக்குப் போன் செய்து சொல்லுங்கள் என்று அக்காவே எழுதினாள். சட்ட ஆலோசகர் வாங்கிப் பார்த்து அடியில் ஒரு வரி சேர்த்தார். சொல்கிறவர் தன் பேரும் லைசென்ஸ் எண்ணும் கொடுக்க வேண்டும். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று அக்கா தலைகீழாக நின்று பார்த்தாள். பேர் இல்லாமல் வருவது வெறும் வதந்தி, கவுன்சில் வதந்தி கேட்கிற இடம் இல்லை என்று அவர் மசியவில்லை. தலைவரம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அனுப்புங்கள் என்றார். அந்த வரியோடுதான் போயிற்று.

மேசை மேல் இருந்த போனைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அது ஒரு தடவை அடித்தது. கணக்காளர், சம்பளப் பட்டியலில் கையெழுத்து வேண்டுமாம். மதியச் சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. போன் ஊமையாகக் கிடந்தது.

"பாத்தீங்களா, எங்கயும் நடக்கல," என்றார் சட்ட ஆலோசகர்.

அக்காவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டிக்கொள்ளாமல், தலைவரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அதே செய்தி, அந்த வரி மட்டும் இல்லாமல், இன்னொரு தடவை. என்ன நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும், பேர் வேண்டாம். இதையும் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் என்னை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்றாள். சட்ட ஆலோசகர் வாயைத் திறந்தார். தலைவரம்மா அவரைக் கையமர்த்திவிட்டு அந்த இரண்டு பெட்டிகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அனுப்புங்க," என்றார்.

சட்ட ஆலோசகர் அடுத்த தம்ளர் வெந்நீர் ஊற்றி முடிப்பதற்குள் போன் அடித்தது. தலைவரம்மா ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், பேர் கேட்க மாட்டீங்களே என்றுதான் ஆரம்பித்தது. கேட்க மாட்டோம் என்றதும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. அதை வைப்பதற்குள் இன்னொன்று. ஒருத்தர் ஆண் நர்ஸ், சொல்லும்போதே அழுதுவிட்டார். ஒருத்தி, எனக்கு மட்டும்தான் இப்படி ஆச்சுன்னு நினைச்சேன் என்றாள். அதையே அடுத்தவளும் சொன்னாள். பெட்டி, பெட்டி, எல்லாம் அதே பெட்டி. தலைவரம்மா ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எழுதினார். எழுத எழுத அவர் முகம் தொங்கிக்கொண்டே வந்தது. சட்ட ஆலோசகர் பிளாஸ்கை மூடிவைத்துவிட்டார்.

அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. இதை ஒரு வருஷமாகச் சொன்னேனே, காலில் விழாத குறையாகச் சொன்னேனே, இத்தனை பேர் வேர்த்துக் கொட்டித்தான் உங்களுக்குப் புரிய வேண்டுமா என்று கோபம்தான் மேலும் மேலும் பொங்கியது. அப்போதுதான் அடுத்த போன் வந்தது.

"கவுன்சிலா? எனக்கும் இந்தப் பெட்டி மாறிடுச்சு. நான் அதை எழுதாம விட்டுட்டேன்."

தங்கச்சியின் குரல். ஒரு நாள் பொறு என்று கெஞ்சினேனே, பாவி மகளே, உனக்குப் பொறுமையே கிடையாதா?

"சொல்லுங்க சிஸ்டர், என்ன ஆச்சு?" என்றார் தலைவரம்மா.

"முதல்ல என் பேரை எழுதிக்கங்க."

"பேர் வேண்டாம்னு செய்தி அனுப்பியிருக்கோமே."

"பாத்தேன். மத்தவங்களுக்கு அது சரி. என் வார்டுல நான் எல்லாரையும் பேரோட எழுத வெச்சவ. இதுக்கு முன்னாடி ரெண்டு ரிப்போர்ட் என் பேர்லதான் எழுதியிருக்கேன். இது மூணாவது. எழுதிக்கங்க."

மூணாவது என்ற வார்த்தையைக் கேட்டதும் சட்ட ஆலோசகரின் கை தானாகப் பேனாவைத் தேடியது. தலைவரம்மா அக்காவைப் பார்த்தார். அக்காவால் முகத்தை ஒளித்துக்கொள்ள முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. யார் பேரைச் சொல்ல மாட்டேன் என்று காலையில் அவள் நின்றாளோ, அந்த ஆள் யார் என்று தலைவரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அங்கே தங்கச்சி தன் பேரின் முதல் எழுத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

தலைவரம்மா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கர் நின்றது.

"சிஸ்டர், லைன் சரியில்ல. பேர் காதுல விழல. பெட்டியைப் பத்திச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தங்கச்சி மறுபடியும் சொல்லியிருக்க வேண்டும். அவள் பிடிவாதம் அக்காவுக்குத் தெரியாதா.

"இல்லம்மா, விழல," என்றார் தலைவரம்மா. "எத்தனை தடவை சொன்னாலும் விழாது. அந்த நோயாளி எப்படி இருக்காரு, அதைச் சொல்லுங்க."

அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை எந்தத் தட்டில் பிரித்து வைத்தாள் என்பது வரைக்கும் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்தார். சட்ட ஆலோசகர் தொண்டையைக் கனைத்து, இருந்தாலும் விதி இன்னும் அமலில்தான் இருக்கிறது, அதை இந்த அறையில் உட்கார்ந்து நாம் மாற்ற முடியாது, கூட்டத்தில்தான் மாற்ற முடியும் என்று நினைவுபடுத்தினார்.

"ஆமா," என்றார் தலைவரம்மா. "கூட்டத்துலதான் மாத்தணும்."

"அது வரைக்கும் மேடம்?" என்று கேட்டாள் அக்கா.

போன் மறுபடியும் அடித்தது. தலைவரம்மா அதை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"அது வரைக்கும் எனக்குக் காது கேக்காது."